நாற்பது நொடிக்குள் ஓர் உருவப்படம்: நிதி திரட்டும் மாலை விருந்து பற்றிய நிகழ்வு ஆய்வு

செவித்திறன் குறைந்த குழந்தைகளுக்கான பள்ளி ஒன்று, காதுக்கருவிகளுக்கும் பேச்சுப் பயிற்சிக்கும் நிதி திரட்ட மாலை விருந்து ஒன்றை நடத்தியது. விருந்தினர் சுமார் 240 பேர். வரவேற்பு, மேடை நிகழ்ச்சி, விருந்து, ஏலம், நன்றியுரை என்று நான்கு மணி நேரம். வருகிற ஒவ்வொருவரையும் முறையாக நிற்கவைத்து ஓர் உருவப்படம் எடுக்க வேண்டும், அன்றே அச்சிட்டுக் கையில் கொடுத்தனுப்ப வேண்டும் என்று அமைப்பாளர்கள் என்னிடம் கேட்டார்கள். மண்டபத்துக்குள் சுற்றி வந்து நிகழ்ச்சியைப் படமெடுக்க வேறொருவர் இருந்தார். என் வேலை முழுவதும் ஒரே இடத்தில், ஒரு திரைக்கு முன்னால்.

இந்த மாதிரி வேலை என்றதும் பலரும் முதலில் கேட்பது எந்த லைட், எந்த லென்ஸ் என்றுதான். அதையும் சொல்கிறேன். ஆனால் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறு. ஒரு விருந்தினர் திரைக்கு முன்னால் நிற்பது அதிகம் போனால் நாற்பது நொடி. அந்த நாற்பது நொடியும் புகைப்படக்காரரின் கண் அவர் முகத்தில் இருக்க வேண்டும். கேமராவின் பின்திரையைக் குனிந்து பார்ப்பதற்கும் லைட்டைத் திருகுவதற்கும் அதில் நேரம் கிடையாது. ஆகவே முடிவு செய்ய வேண்டிய அத்தனையையும் முதல் விருந்தினர் வரும் முன்பே முடிவு செய்து பூட்டிவிட வேண்டும். ஒளி, வரிசை, எண் அட்டை, அச்சு என்று எதைத் தீர்மானித்தபோதும் இந்த ஒரு நோக்கத்தைத்தான் மனத்தில் வைத்திருந்தோம்.

அச்சுப் படம் தேவையா, பிறகு இணைப்பு அனுப்பினால் போதாதா என்று ஒரு பேச்சு வந்தது. தேவை என்று நான் விடாமல் சொன்னேன். 1854இல் பாரிஸில் தீஸ்தேரி என்பவர் ஒரே தகட்டில் பல சிறு உருவப்படங்களை எடுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். உள்ளங்கை அளவு அட்டையில் ஒட்டிய அந்தப் படங்களை மக்கள் ஒருவருக்கொருவர் கொடுத்தார்கள், வாங்கி ஆல்பத்தில் சேர்த்தார்கள். கையில் வாங்கும் படத்துக்கு உள்ள மதிப்பு இன்றும் அப்படியேதான் இருக்கிறது. அலைபேசியில் ஆயிரம் படம் வைத்திருப்பவர்கள் கூட, தம்பதியாக நன்றாக உடுத்தி நின்ற அச்சுப் படம் ஒன்று வீட்டில் இல்லை என்பார்கள். நிதி கொடுக்க வந்தவருக்குப் பள்ளி திருப்பித் தரக்கூடிய நல்ல பொருள் அதுதான்.

வரிசையின் கணக்கு

240 பேரும் தனித்தனியாக வரமாட்டார்கள். தனியாக வருபவர், தம்பதி, குடும்பம், அலுவலக நண்பர்கள் எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு குழுவுக்குச் சராசரியாக இரண்டரைப் பேர் என்று வைத்தோம். அப்படியானால் கிட்டத்தட்ட 100 குழுக்கள். வரவேற்புக்கு ஒதுக்கிய நேரம் ஒரு மணி. கேட்க வசதியாகத்தான் இருக்கிறது. ஆனால் மனிதர்கள் சீராக வருவதில்லை. முதல் கால் மணி நேரம் வாசல் காலியாக இருக்கும். பிறகு ஒரே மூச்சில் கூட்டம் வரும். நடுவில் உள்ள 25 நிமிடத்தில் 60 குழுக்கள் வந்தால் என்ன ஆகும் என்று போட்டுப் பார்த்தோம். குழுவுக்கு 40 நொடி என்றால் 25 நிமிடத்தில் 37 குழுக்களைத்தான் முடிக்க முடியும். மீதி 23 குழுக்கள் வரிசையில் நிற்கும். கடைசியில் நிற்பவர் கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். உயரமான காலணியும் இறுக்கமான உடையுமாக யாரும் அவ்வளவு நேரம் நிற்கமாட்டார்கள். நின்றாலும், திரைக்கு முன் வரும்போது முகத்தில் அந்தச் சலிப்புதான் இருக்கும்.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. இரண்டாவது திரை போடலாம், ஆளுக்கான நேரத்தைக் குறைக்கலாம், இல்லை கூட்டத்தையே வேறு நேரத்துக்குத் தள்ளலாம். இரண்டாவது திரைக்கு இடம் இல்லை. நேரத்தைக் குறைக்க எனக்கு மனம் இல்லை. 20 நொடியில் எடுக்கும் படம் அடையாள அட்டைப் படமாகத்தான் வரும். ஆகவே மூன்றாவது வழி. பத்துப் பேர் அமரும் மேசைகள் 24. அவற்றில் பாதிக்கு வரவேற்பு நேரம், மீதிக்கு விருந்துக்கும் ஏலத்துக்கும் இடைப்பட்ட நேரம் என்று அழைப்பிதழோடு வைத்த அட்டையிலேயே அச்சிட்டுவிட்டோம். மேசை வாரியாக ஒரு தன்னார்வலர் போய் அழைத்து வருவார். வரவேற்பின்போதே எடுத்துக்கொள்ள விரும்பி வருபவரைத் திருப்பி அனுப்புவதில்லை. ஆனால் யாரும் நிற்கத் தேவையில்லாத ஒரு வழி அவர்கள் கையில் இருந்தது.

ஏலம் தொடங்கியதும் திரையை மூடிவிடுவது என்பதையும் முன்பே பேசி முடித்தோம். நிதி திரட்டும் விருந்தில் பணம் வருவது அந்த அரை மணியிலும் அதையொட்டிய வேண்டுகோள் உரையிலும்தான். அந்த நேரத்தில் பத்துப் பேரை வெளியே இழுத்து வைத்திருக்கும் புகைப்படக்காரர், எவ்வளவு அழகாகப் படம் எடுத்தாலும், வந்த காரியத்துக்கு இடைஞ்சலாகத்தான் இருக்கிறார்.

40 நொடியை மிச்சப்படுத்தித் தந்தது தரையில் ஒட்டிய இரண்டாவது குறி. திரைக்கு முன் நிற்க ஒரு குறி, அதற்கு நான்கு எட்டு தள்ளிக் காத்திருக்க ஒரு குறி. காத்திருக்கும் இடத்தில் ஆளுயரக் கண்ணாடி, சீப்பு, ஊசி, உடையில் ஒட்டிய தூசியை எடுக்கும் உருளை, கைப்பையையும் அலைபேசியையும் வைக்க ஒரு மேசை. என் உதவியாளர் அங்கேதான் டையை நேராக்குவார், காலரை மடிப்பார், சட்டைப் பையில் புடைக்கும் சாவியை எடுக்கச் சொல்வார். முன்னால் இருப்பவரின் படம் முடியும்போது அடுத்தவர் தயாராக இருப்பார். என்னிடம் வரும்போது யாருக்கும் உடையைப் பற்றிய கவலை மிச்சம் இருக்கவில்லை.

மன்னிக்கிற ஒளி

ஸ்டுடியோவில் ஒரே முகத்துக்கு ஒரு மணி நேரம் ஒளி அமைக்கலாம். அந்த ஒளி அந்த முகத்துக்கு மட்டும் பொருந்தும், அவர் அரை அடி நகர்ந்தால் கெட்டுவிடும். இங்கே அடுத்து வருபவர் ஆறடியா நான்கடியா, கண்ணாடி போட்டவரா, கருப்புக் கோட்டா வெள்ளை உடையா, தனி ஆளா எட்டுப் பேரா, எதுவும் தெரியாது. யார் எங்கே நின்றாலும் மன்னிக்கிற ஒளி வேண்டும். கொஞ்சம் நாடகத்தனம் குறைந்தாலும் பரவாயில்லை.

ஃபிளாஷ் ஒளியைத் துணி வழியாகப் பரப்பி மென்மையாக்கும் 150 செ.மீ. எண்கோண சாஃப்ட்பாக்ஸ் ஒன்றைப் பிரதான ஒளியாக வைத்தேன். கூரை 3 மீட்டர்தான், அதனால் அதன் நடுப்புள்ளியை 2.1 மீட்டருக்கு மேல் ஏற்ற முடியவில்லை. ஒரு விதத்தில் அதுவும் நல்லதுதான். உயரம் கூடினால் புருவத்துக்குக் கீழே கண்குழி இருண்டுவிடும். முக்கியமான முடிவு தூரத்தில் இருந்தது. ஒளியின் செறிவு தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும். பக்கவாட்டிலிருந்து வரும் லைட், அருகில் நிற்பவருக்கு 1.5 மீட்டரிலும் குழுவின் மறுகோடியில் நிற்பவருக்கு 3 மீட்டரிலும் இருந்தால், மறுகோடிக்காரருக்குக் கிடைப்பது கால் பங்கு ஒளி. அதே லைட்டைப் பின்னுக்கு இழுத்து 3 மீட்டர், 4.5 மீட்டர் என்று ஆக்கினால் பாதிக்குச் சற்றுக் குறைவாகவாவது கிடைக்கும். பிறகு சாஃப்ட்பாக்ஸின் முகத்தை அருகில் இருப்பவரை விட்டுத் தொலைவில் இருப்பவர் பக்கம் திருப்பினால், அருகில் இருப்பவருக்கு ஓரத்து ஒளி மட்டும் விழும். இரண்டும் ஏறத்தாழச் சமமாகிவிடும். தனி ஆளுக்கும் எட்டுப் பேருக்கும் லைட்டைத் தொடாமலே எடுக்க முடிந்தது இதனால்தான். இரண்டாவது ஃபிளாஷை என் பின்னால் இருந்த வெள்ளைச் சுவரை நோக்கித் திருப்பி வைத்தேன். சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி பிரதான ஒளியைவிட ஒன்றரை ஸ்டாப் குறைவு (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்). நிழல் கருத்துப் போகாமல் பார்த்துக்கொள்ள அது போதும்.

பின்திரைக்கு நடுத்தரச் சாம்பல் நிறம். கருப்புத் திரை கம்பீரமாகத் தெரியும், உண்மைதான். ஆனால் மாலை விருந்துக்கு வருபவர்களில் பாதிப் பேர் கருப்பு உடையில் வருவார்கள். கருந்தலைமுடியும் கருப்புக் கோட்டும் கருந்திரையில் கரையாமல் இருக்கப் பின்னாலிருந்து தனியாக ஓர் ஓர ஒளி தேவைப்படும். அந்த ஓர ஒளி தனி ஆளுக்கு அழகாக விழும், எட்டுப் பேருக்கு விழாது. சாம்பல் திரை கருப்பு உடையையும் வெள்ளை உடையையும் ஒருசேரத் தாங்கும்.

கேமரா: எஃப் 8 (லென்ஸின் சிறிய திறப்பு), 1/160 நொடி, ஐஎஸ்ஓ 200 (ஒளி உணர்திறன்). வரவேற்புக் கூடத்து விளக்குகள் மஞ்சளானவை, ஒளியின் நிறத்தை அளக்கும் கெல்வின் கணக்கில் 3000க்குள் இருக்கும். ஃபிளாஷ் ஒளி சுமார் 5500. இரண்டும் ஒரே முகத்தில் கலந்தால் ஒரு கன்னம் மஞ்சளாகவும் மற்றது நீலமாகவும் வரும், பிறகு எந்த மென்பொருளாலும் ஒழுங்காகப் பிரிக்க முடியாது. இந்த அமைப்பில் கூடத்து ஒளி படத்தில் பதியவே இல்லை. அதைச் சோதிக்க எளிய வழி, ஃபிளாஷை அணைத்துவிட்டு ஒரு படம் எடுப்பது. முழுக் கருப்பாக வந்தால் சரி. வந்தது. பிறகு சாம்பல் அட்டை ஒன்றை முகம் இருக்கும் இடத்தில் பிடித்து ஒயிட் பேலன்ஸை, அதாவது வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படியான நிற அமைப்பை, பூட்டினோம். எஃப் 8 என்பதால், 50 மி.மீ. லென்ஸில் மூன்றரை மீட்டர் தூரத்தில் முன்னும் பின்னும் சேர்த்து இரண்டரை மீட்டர் ஆழம் தெளிவாக இருக்கும். இரண்டு வரிசையாக நின்றாலும் பின்வரிசை மங்காது.

குழுவை எடுக்க இடம் போதவில்லை என்றால் லென்ஸை அகலமாக்கத்தான் கை போகும். 35 மி.மீ.க்குக் கீழே போவதில்லை என்று வைத்துக்கொண்டேன். அதற்கு மேல் அகலமானால் ஓரத்தில் நிற்பவரின் முகமும் தோளும் பக்கவாட்டில் இழுபட்டுப் பருமனாகத் தெரியும். ஓரத்தில் நிற்பவர் எப்போதும் கூச்ச சுபாவம் உள்ளவர்தான். அவருக்குப் போய் அந்தப் படத்தைக் கொடுப்பது அநியாயம். அதைவிடத் தோள்களைச் சற்றே ஒருக்களித்து ஒன்றன்மேல் ஒன்று படும்படி நிற்கவைத்தால் ஆறு பேர் இரண்டரை மீட்டருக்குள் அடங்கிவிடுவார்கள்.

கண்ணாடி போட்டவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. பட்ட கோணத்திலேயே ஒளி திரும்பும். லைட்டுக்கும் கேமராவுக்கும் நடுவில் உள்ள திசையைக் கண்ணாடி பார்த்தால் வெள்ளைத் திட்டு நேராக லென்ஸுக்குள் வரும். ஆகவே மூக்கை லைட்டுக்கு எதிர்ப்பக்கம் சற்றே திருப்பச் சொல்ல வேண்டும். அப்படியும் போகவில்லை என்றால், கண்ணாடியின் காம்பைக் காதிலிருந்து சில மில்லிமீட்டர் தூக்கினால் வில்லை கீழ்நோக்கிச் சாயும், திட்டு மறையும். படத்தில் காம்பு தூக்கியிருப்பது தெரியாது. கண்ணாடியைக் கழற்றச் சொல்வதை நான் ஏற்பதில்லை. தினமும் கண்ணாடியோடு இருப்பவர் அது இல்லாத படத்தில் தன்னையே அடையாளம் காணமாட்டார்.

நிறம் மாறுபட்ட இருவர் சேர்ந்து நின்றால், கருமை கூடிய சருமம் உள்ளவரை லைட்டுக்கு அருகில் உள்ள பக்கத்தில் நிறுத்துவேன். பெரிய ஒளி அந்தச் சருமத்தில் விழும்போது கன்னத்தெலும்பிலும் நெற்றியிலும் நீண்ட மெல்லிய மினுமினுப்பு கிடைக்கும், முகத்தின் வடிவம் அதில்தான் தெரியும். பிறகு கணினியில் யாருடைய நிறத்தையும் வெளுக்க வைப்பதில்லை. அமைப்பாளர்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

காது கேளாதவருக்கு எப்படிச் சொல்வது

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. விருந்தினரில் கணிசமானோர் செவித்திறன் இல்லாதவர்கள்: பள்ளியின் முன்னாள் மாணவர்கள், ஆசிரியர்கள், பெற்றோர். வழக்கமான உருவப்படக்காரர் கேமராவுக்குப் பின்னால், லைட்டுகளுக்கு வெளியே, இருட்டில் முகத்தை மறைத்துக்கொண்டு குரலால் மட்டுமே வழிநடத்துவார். இங்கே அந்தப் பழக்கம் முழுக்கப் பயனற்றது. உதட்டசைவைப் படிப்பவருக்கு என் முகம் தெரிய வேண்டும். சைகை மொழி பேசுபவருக்கு என் கையும் தெரிய வேண்டும்.

அதனால் கேமராவை முக்காலியில் வைத்து, கையில் ரிமோட்டை எடுத்துக்கொண்டு, கேமராவுக்கு அருகே நின்றேன். என் முகத்தில் விழும்படி சிறிய எல்இடி விளக்கு ஒன்று, அது படத்தைப் பாதிக்காத அளவுக்கு மங்கலாக. சைகை மொழிபெயர்ப்பாளரைப் பக்கத்தில் நிறுத்தினால் விருந்தினரின் கண் அவரிடம் போய்விடும், படத்தில் பார்வை விலகியிருக்கும். எனவே அவரைக் கேமராவுக்கு நேர் பின்னால் ஒரு படியின் மேல் நிற்கவைத்தோம். லென்ஸுக்கு மேலே அவருடைய கைகள். அங்கே பார்த்துக்கொண்டிருப்பவர் கண்ணை ஒரு விரற்கடை இறக்கினால் லென்ஸ்.

எண்ணிச் சொல்வதற்குப் பதில் மூன்று விரல், இரண்டு விரல், ஒரு விரல், பிறகு விரித்த கை. கவனத்தைத் திருப்ப வேண்டுமானால் கையை வீசிக் காட்டினோம். அருகில் இருந்த உதவியாளர் தோளை மெல்லத் தொடுவார். பள்ளி ஆசிரியர் ஒருவர் முன்கூட்டியே எங்களுக்கு ஐந்தாறு சைகைகள் கற்றுக்கொடுத்தார்: வணக்கம், அழகு, இன்னொரு முறை, முடிந்தது, நன்றி. தேர்ச்சி என்று சொல்ல முடியாது, ஆனால் நாங்கள் வணக்கம் சொன்னதும் அவர்கள் தோள் இறங்கி, முகம் திறந்துவிடும். கையில் பானக் கோப்பையோ பூவோ கொடுத்து நிற்கவைக்கும் வழக்கத்தையும் விட்டுவிட்டோம். சைகையில் பேசுபவரின் கையை அடைப்பது வாயைப் பொத்துவதற்குச் சமம். ஒரு குழு, படம் முடிந்ததும் இரு கைகளையும் உயர்த்தி விரல்களை ஆட்டியது. அதுதான் அவர்களின் கைதட்டல். ரிமோட் கையில் இருந்ததால் அதையும் எடுத்தேன். அன்று எடுத்ததில் எனக்கு மிகவும் பிடித்த படங்களில் அது ஒன்று.

செவி கேட்பவர்களுக்கும் இந்த முறை நன்றாகவே பொருந்தியது. கேமராவுக்குப் பின்னால் ஒளியாமல் பக்கத்தில் நின்று முகம் பார்த்துப் பேசும் ஒருவரிடம் மனிதர்கள் வேறு மாதிரி நடந்துகொள்கிறார்கள். “சிரிங்க” என்ற சொல்லை நான் பயன்படுத்துவதே இல்லை. “மூச்சை மெல்ல வெளியே விடுங்க, எடையைப் பின்காலுக்கு மாத்துங்க” என்பேன். தோள் தானாகத் தளரும். சிரிப்பு வருபவருக்கு வரும், வராதவர் அமைதியான முகத்தோடு நிற்பார். அதுவும் அழகுதான்.

காதுக்குப் பின்னால் அணியும் கருவி, உள்காதில் பொருத்தும் காக்ளியர் சாதனத்தோடு சேர்ந்து தலையில் ஒட்டியிருக்கும் வட்டு, இவற்றை மறைக்கும்படி யாரையும் திருப்பி நிறுத்தவில்லை. எந்தப் பக்கம் தெரிய வேண்டும் என்று அவர்களிடமே கேட்டோம். பலர் அந்தப் பக்கத்தையே காட்டச் சொன்னார்கள். படத்தைத் திருத்தும்போதும் அதே விதி: அடுத்த வாரம் மறைந்துவிடும் பருவை நீக்கலாம், ஆனால் தழும்பையும் மச்சத்தையும் கருவியையும் தொடக் கூடாது.

சக்கர நாற்காலியில் வந்தவர்களுக்குத் தரைதான் சிக்கல். சுருளிலிருந்து இறங்கித் தரையிலும் விரியும் காகிதத் திரையில் சக்கரம் ஏறினால் காகிதம் கசங்கிக் கிழியும். அதனால் திரையைத் தரையோடு நிறுத்தி, முக்கால் உருவம் மட்டுமே எடுப்பது என்று வைத்திருந்தோம். உட்கார்ந்திருப்பவரை நின்ற உயரத்திலிருந்து எடுத்தால் அவர் நம்மை அண்ணாந்து பார்ப்பதுபோல் ஆகிவிடும். முக்காலியின் நடுத்தண்டை அவர் கண் மட்டத்துக்கு இறக்கினோம், உடன் வந்தவர்களுக்கு ஸ்டூல்கள் போட்டு உட்காரவைத்தோம்.

பிள்ளைகள்

அமைப்பாளர்களிடம் ஒரே ஒரு விஷயத்தில் எனக்கு மாற்றுக் கருத்து இருந்தது. பள்ளிப் பிள்ளைகள் சிலர் விருந்தினரை வரவேற்க வந்திருந்தார்கள். பெரிய தொகை தருபவர்களோடு ஒரு பிள்ளையை நிற்கவைத்து எடுத்தால் நன்றாக இருக்குமே என்று கேட்டார்கள். நன்றாக இருக்காது என்று நான் சொன்னேன். கொடுப்பவர் நடுவில், பெறுபவர் ஓரத்தில் என்ற படத்தை எல்லோரும் ஆயிரம் முறை பார்த்திருக்கிறோம். அதில் பிள்ளைக்குப் பெயர் இருக்காது. பத்து வருடம் கழித்து அந்தப் பிள்ளை அதைப் பார்க்கும்போது என்ன நினைக்கும் என்பதுதான் எனக்குக் கேள்வி.

பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். விருந்தினர் வரும் முன்பு, முதல் அரை மணி பிள்ளைகளுக்கு. அதே திரை, அதே ஒளி, அதே தாளில் அச்சு, அதே அட்டை உறை. யார் எப்படி நிற்பது என்பது அவர்கள் விருப்பம். அதில் எங்களுக்கும் ஒரு லாபம் இருந்தது: ஒளியைச் சரிபார்க்க வெவ்வேறு உயரமுள்ள, ஓரிடத்தில் நிற்காத முகங்கள் கிடைத்தன. பிறகு விருந்தினரோடு சேர்ந்து நிற்க ஒரு பிள்ளை தானாக விரும்பி, பெற்றோரும் ஒப்புக்கொண்டால் தடையில்லை, ஆனால் நாங்களாக அழைப்பதில்லை. ஆசிரியரும் அவரிடம் படித்த பழைய மாணவரும், புரவலரும் அவர் பல வருடமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்த பிள்ளையும் என்று சில படங்கள் அப்படி வந்தன. அவற்றில் யார் கொடுத்தவர் யார் பெற்றவர் என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது.

சம்மதத்தைப் படத்தோடு கட்டுவது

நிகழ்ச்சியில் படம் எடுக்கப்படும் என்று வாசலில் ஒரு பலகை வைத்துவிட்டால் போதும் என்று பல இடங்களில் நினைக்கிறார்கள். உருவப்படத்துக்கு அது போதாது. எங்கள் ஏற்பாடு எளிமையானது. காத்திருக்கும் இடத்தில் ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் எண் அட்டை. அதில் உதவியாளர் ஒரு வண்ணப் பொட்டு ஒட்டுவார். பச்சை என்றால் பள்ளி வெளியீடுகளில் பயன்படுத்தலாம். மஞ்சள் என்றால் நன்றிக் கடிதத்தில் மட்டும். சிவப்பு என்றால் அவர்களுக்கு மட்டுமே, வேறெங்கும் கூடாது. குழுவில் ஒருவர் சிவப்பு என்றாலும் முழுக் குழுவும் சிவப்பு. ஒவ்வொரு குழுவின் முதல் படமும் அந்த அட்டையைப் பிடித்தபடி எடுக்கப்படும். அப்புறம் ஆறு மாதம் கழித்து யாரோ ஒருவர் கோப்புறையைத் திறந்தாலும் யார் எதற்குச் சம்மதித்தார்கள் என்பது படங்களோடே இருக்கும். தனி விரிதாள் தொலையலாம், அதைப் பார்க்காமல் விடவும் செய்யலாம். இது தொலையாது.

அன்று மாலை

கூட்டம் எதிர்பார்த்தபடியே நடுவில் குவிந்தது, ஆனால் வரிசை ஐந்தாறு குழுக்களுக்கு மேல் நீளவில்லை. மேசை அட்டையைப் பார்த்துப் பலர் பிறகு வருகிறோம் என்று உள்ளே போய்விட்டார்கள். ஃபிளாஷ்கள் மின்கலத்தில் இயங்கியவை. மேடை ஒலியும் ஒளியும் இழுக்கும் அதே மின்இணைப்பில் நாங்களும் சேராமல் இருந்தது பெரிய நிம்மதி. ஒவ்வொரு ஸ்டாண்டின் காலிலும் மணல் மூட்டை. நீண்ட உடை இழுபட்டால் ஸ்டாண்ட் சாயும் அபாயம் எப்போதும் உண்டு.

யாரும் கண் சிமிட்டாத ஒரு படம் கிடைக்க எத்தனை படம் எடுப்பது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் அரசு அறிவியல் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவைச் சேர்ந்த பியர்ஸ் பார்ன்ஸும் நிக் ஸ்வென்சனும் போட்டது. முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசு 2006இல் அதற்குக் கிடைத்தது. இருபது பேருக்குக் குறைவான குழுவில், நல்ல ஒளி இருந்தால் ஆட்களின் எண்ணிக்கையை மூன்றால் வகுக்க வேண்டும், ஒளி குறைவாக இருந்தால் இரண்டால். எட்டுப் பேருக்கு நல்ல ஒளியில் மூன்று படங்கள் போதும். நான் தனி ஆளுக்கும் மூன்று எடுத்தேன். சிமிட்டல் மட்டுமே காரணம் இல்லை. முதல் படத்தில் மனிதர்கள் படம் எடுக்கப்படுகிறது என்ற நினைப்பிலேயே இருப்பார்கள். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையில்தான் முகம் வரும்.

அச்சுக்கு எது போக வேண்டும் என்பதை விருந்தினரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லவில்லை. கணினித் திரையைக் காட்டி மூன்றில் எது வேண்டும் என்று கேட்டால் அங்கே இன்னொரு வரிசை தொடங்கிவிடும்; தம்பதிக்குள் ஆளுக்கொரு படம் பிடிக்கும். இரண்டாவது உதவியாளர் மடிக்கணினியில் ஒன்றைத் தேர்ந்து, வெப்பத்தால் சாயத்தைத் தாளில் ஏற்றும் அச்சுப்பொறிக்கு அனுப்புவார். ஒரு நிமிடத்துக்குள் உலர்ந்த படம் வெளியே வரும், கை பட்டாலும் அழியாது. எண் எழுதிய உறையில் போட்டு, மேசை வாரியாக அடுக்கி, விருந்தினர் கிளம்பும்போது வாசலில் கொடுத்தோம். கையில் வாங்கியதும் நின்று, பிரித்து, ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டதால் வாசலில் சற்று நெரிசல் ஆனது. அடுத்த முறை கொடுக்கும் மேசையைக் கதவிலிருந்து தள்ளிப் போட வேண்டும்.

முக்கிய விருந்தினர் ஒருவர் நிகழ்ச்சி தொடங்குவதற்குச் சற்று முன்பு பெரிய குழுவோடு வந்தார். இப்படி வருபவர்களுக்காக வரிசையை நிறுத்தி வைக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. நாங்கள் அவருக்கு இடைவேளையில் ஒரு நேரம் ஒதுக்கியிருந்தோம், அவரும் மறுப்பில்லாமல் அப்போதே வந்து நின்றார். அவருக்கு முன்னால் நின்றிருந்தது பள்ளியின் சமையலறைப் பணியாளர்களின் குழு.

பிறகு

கேமராவில் இரண்டு மெமரி கார்டிலும் ஒரே நேரத்தில் பதிவானது. இடத்தை விட்டுக் கிளம்பும் முன்பே மூன்றாவது பிரதியை வன்தட்டில் எடுத்தோம். ஒளியும் ஒயிட் பேலன்ஸும் கடைசிவரை மாறாததால், முதல் படத்துக்குச் செய்த நிறத் திருத்தம் அப்படியே எல்லாவற்றுக்கும் பொருந்தியது. எல்லாவற்றையும் முன்பே பூட்டிவைத்ததன் பலன் இங்கேயும் கிடைத்தது. எல்லோர் படத்தையும் ஒரே திறந்த ஆல்பத்தில் போடாமல், குழு எண்ணுக்கு ஒன்றாகத் தனித்தனி இணைப்புகளைப் பள்ளி மூலமாக அனுப்பினோம்.

பள்ளி தன் நன்றிக் கடிதங்களில் பச்சை, மஞ்சள் பொட்டுக் குழுக்களுக்கு அவரவர் படத்தையே வைத்து அனுப்பியது. பதில் எழுதியவர்களில் பலர் விருந்தைவிடப் படத்தைப் பற்றித்தான் அதிகம் எழுதினார்கள் என்று பள்ளியில் சொன்னார்கள். பச்சைப் பொட்டு ஒட்டிய ஒரு குடும்பம் பிறகு மனம் மாறி, தங்கள் படம் எங்கும் வர வேண்டாம் என்று கேட்டது. எண்ணைச் சொன்னதும் கோப்புறையைக் கண்டுபிடித்து, அட்டைப் படத்தைப் பார்த்து உறுதி செய்து, பள்ளியிடமும் என்னிடமும் இருந்த பிரதிகளை அன்றே நீக்கிவிட்டோம். வீட்டில் இருக்கும் அச்சுப் படம் மட்டும் அவர்களிடமே இருக்கிறது.